அம்மாவை டயலிசிஸுக்குக் கூட்டிப்போகும் பிள்ளைக்குப் பள்ளி வரவு இடாப்பில் என்ன போடுவது?

நெடுங்கேணி றோட்டு:
வணக்கம். ஒரு விசயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறாள். அத்தான் ஐந்து வருசத்துக்கு முன் விபத்தில் போய்விட்டார். மகள் தரம் 12, மகன் தரம் 7. போன வருசம் அக்காவின் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. இப்போது கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வவுனியாவில் டயலிசிஸ். நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம் மெசினில் கிடக்க வேண்டும்.

போகும்போது அக்கா தன் பாட்டில் போய்விடுவாள். திரும்பும்போதுதான் பயம். பிரசர் இறங்கும், தலை சுற்றும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ஒரு நாள் பஸ் நிலையத்திலேயே சரிந்துவிட்டாள். அதற்குப் பிறகு துணை இல்லாமல் விடுவதில்லை. செவ்வாயில் பக்கத்து வீட்டு மாமி, வெள்ளியில் மகள். நான் கிளிநொச்சியில் கார்மென்ட்ஸில் வேலை. ஒரு நாள் நின்றாலே அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு போய்விடும். மாமிக்கு ஏலாத செவ்வாய்களில் அந்தக் காசை விட்டுவிட்டு நான் போயிருக்கிறேன். எல்லா வெள்ளியும் என்னால் முடியாது.

மகளுக்கு இதுவரை 31 நாள் வரவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சரி, விதி அப்படித்தான். என் மனதைச் சுட்டது வேறு. வகுப்பு ரீச்சர், பாவம், இரக்கத்தில்தான் சொல்லியிருக்கிறார்: "அம்மாவின் கிளினிக் துண்டு எடுபடாது பிள்ளை. உனக்குக் காய்ச்சல் என்று ஒரு மெடிக்கல் கொண்டு வா, நான் சேர்த்துவிடுகிறேன்." பிள்ளை என்னிடம் வந்து கேட்கிறாள், "சித்தி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே. நான் ஏன் பொய்த் துண்டு வாங்க வேண்டும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்:
தங்கச்சி, முதலில் அக்காவுக்குச் சுகம் வர வேண்டும். இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது.

நான் வன்னியில் ஆசிரியராகவும் அதிபராகவும் 31 வருசம் இருந்தவன். அந்த 80 வீத விதியில் கை வைக்காதீர்கள். உயர்தர வகுப்பில் கடைசி இரண்டு தவணையும் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கு மட்டும்தான் இருக்கும், பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள். குடும்பத்தில் வருத்தம் என்ற ஒரு கதவைத் திறந்துவிட்டால், அடுத்த கிழமையே இருபது அம்மம்மாமாருக்குக் கிளினிக் வந்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீட்டில் வருத்தம் என்று நின்ற பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு வெள்ளி. அப்புறம் சமையல். அப்புறம் தம்பிக்கு உடுப்புத் தோய்ப்பது. அந்தப் பிள்ளை படிப்பை விட்டது எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது. இடாப்பில் வரவில்லை என்று தொடர்ந்து விழுந்தால்தான் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அதற்கு அனுமதி கொடுத்துச் சரிக்கட்டிவிட்டால் யார் போய்ப் பார்ப்பது?

புதுக்குடியிருப்பு அப்பா:
சேர், வயதுக்கு மரியாதை. ஆனாலும் நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது.

என் மூத்தவனுக்கு இதயத்தில் ஓட்டை. கொழும்பில் ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் கிளினிக். இரவு பஸ் ஏறி விடிய இறங்கி, கிளினிக் முடித்து, அடுத்த இரவு பஸ்ஸில் வந்தால், பிள்ளை எழும்பி நடக்க இன்னொரு நாள் போய்விடும். ஒரு கிளினிக் என்றால் மூன்று பள்ளி நாள். அவனுடைய கிளினிக் கொப்பியைக் காட்டினால் பள்ளியில் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சின்னவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். நானும் மனிசியும் கொழும்பில் நிற்கும்போது எட்டு வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? அவளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டும், வகுப்பில் எழும்பி நிற்க வேண்டும். ஒரே பஸ், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வீட்டுத் துன்பம். ஒரு பிள்ளைக்கு அனுதாபம், மற்றதுக்குக் கண்டிப்பு.

உங்கள் ரியூசன் பிள்ளைகளைப் பிடிக்கப் போட்ட வலையில் மாட்டுவது யார் தெரியுமா? ரியூசன் பிள்ளைக்கு அப்பா மெடிக்கல் வாங்கிக் கொடுத்துவிடுவார். பொய் சொல்ல மறுக்கிற இந்தப் பிள்ளைதான் மாட்டியிருக்கிறாள்.

கிளினிக் தாதி:
இதைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஏன் எங்கள் பக்கத்தில் துணைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. இந்தச் சிறுநீரக நோயில் ஒரு வகை, நீரிழிவோ பிரசரோ இல்லாதவர்களுக்கு வருவது. 1990களில் வடமத்திய மாகாணத்தில், மெதவாச்சி, பதவியாப் பக்கம்தான் முதலில் பெரிதாகத் தெரிந்தது. வவுனியா பக்கத்து நிலம். வயலில் நின்று உழைக்கிறவர்களையே அது அதிகம் பிடிக்கிறது. கடைசிக் கட்டம் வரும்வரை பெரிதாக ஒரு குறியும் காட்டாது. அதாவது கிழவர்களின் நோய் என்று நினைத்தால் பிழை. உழைக்கிற வயதுத் தாய் தகப்பனுக்கு வருவதால், துணைக்கு மிஞ்சுவது பள்ளிக்கூடப் பிள்ளைதான். மெசின் பக்கத்துக் கதிரையில் வெள்ளைச் சட்டையோடு இருந்து பௌதிகவியல் கொப்பி பார்க்கிற பிள்ளைகளை நான் ஒவ்வொரு கிழமையும் காண்கிறேன். டயலிசிஸை ஒரு முறை விட்டால் உடம்பில் நீர் கட்டும், பொட்டாசியம் ஏறும், உயிருக்கே ஆபத்து. அதனால் "வேறொரு நாள் போகலாமே" என்று யாரும் சொல்லாதீர்கள்.

தனிப்பட்ட பரீட்சார்த்தி 2019:
அந்த விதி விழுந்த ஆள் நான்.

அப்பாவுக்குப் புற்றுநோய். தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சை, கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து கிழமை. அதற்கு முன்னும் பின்னும் கீமோ. அம்மா கடையைப் பார்க்க, நான் அப்பாவோடு நின்றேன். வரவு போதாமல், பள்ளி மூலம் இல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு அப்படியும் விண்ணப்பிக்கலாம், வாழ்க்கை முடிந்துவிடாது. அதை அந்தத் தங்கச்சிக்குச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம்.

ஆனால் ஓய்வு வாத்தியாருக்கு ஒன்று. நீங்கள் சைக்கிளில் போயிருப்பீர்கள், நம்புகிறேன். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை சேர். இடாப்பில் என் பெயருக்கு நேரே வரவில்லை, வரவில்லை என்று இரண்டு தவணை விழுந்தது. அதைக் கூட்டி வீதம் பார்த்தார்கள். ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. விட்ட பாடத்துக்கு ஒரு கொப்பி தரவும் ஆள் இல்லை. வெறுமனே விழுகிற குறி தானாக யாரையும் கூட்டி வராது.

கணக்கையும் பாருங்கள். வருசத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் 20 வீதம் 40 நாள். கிழமைக்கு ஒரு வெள்ளி என்றால் அந்த நாற்பதும் போய்விடும். ஒரு காய்ச்சலுக்கு, ஒரு செத்த வீட்டுக்கு, மழைக்குக் குளம் உடைத்து றோட்டு மூடிய ஒரு நாளுக்கு இடமில்லை. மாமி வராமல் செவ்வாயும் அவளே போனால் 80 நாள்.

லண்டன் வன்னியான்:
இங்கிலாந்தில் எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையின் சொந்த மருத்துவ நேரத்துக்கு இடாப்பில் தனிக் குறி இருக்கிறது. தாயோடு துணைக்குப் போவதற்குத் தலைமையாசிரியர் விசேட காரணம் என்று அனுமதிக்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். அனுமதி இல்லாமல் நின்றால் பெற்றோருக்குத் தண்டம்கூட வரலாம். 2024 ஆகஸ்டிலிருந்து 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஆகவே இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு விசயம் பிடித்தது. இடாப்பு காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் எடுப்பார்கள், அரை நாள் வந்தாலும் வீணாகாது. மற்றது, வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று 2023 இலிருந்து பாடசாலைக் கணக்கெடுப்பிலேயே கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

ஓய்வு வாத்தியார்:
2019 தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராதது பள்ளிக்கூடத்தின் பிழை. அதில் மறுபேச்சு இல்லை.

பொய் மெடிக்கலைப் பற்றியும் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அதை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். அந்த ரீச்சர் நல்ல மனதோடு சொன்னாலும் பிழை பிழைதான். அப்படி ஒரு துண்டு ஏறினால், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் பள்ளிக்குத் தெரியும். தாய்க்கு டயலிசிஸ் என்பது எங்கும் இருக்காது.

செய்ய வேண்டியது இது. டயலிசிஸ் அட்டவணையின் பிரதியோடு அதிபருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். போன பிறகு விளக்கம் எழுதுவதும், போகுமுன் அறிவிப்பதும் ஒன்றல்ல. பள்ளியில் நடப்பதைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். ஒரு பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கும் போகட்டும். ஆனால் வராத நாளை வந்த நாளாக எழுதச் சொல்லாதீர்கள். அதில் நான் மாறமாட்டேன்.

புதுக்குடியிருப்பு அப்பா:
வந்ததாக எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை சேர். வராத நாள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வீதம் பார்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம். கடிதம் கொடுத்து, புத்தகத்தில் பதிந்து, வலயத்துக்கும் அனுப்பிய பிறகும் அந்த 31 நாள் அவளுக்கு எதிராகத்தான் நிற்குமென்றால், கடிதத்தால் அவளுக்கு என்ன பயன்?

ஓய்வு வாத்தியார்:
முடிவெடுக்கிறவருக்கு முன்னால் உண்மை இருக்கும். அதுதான் பயன். நீங்கள் கேட்பது அதற்கு மேலே, விதியையே மாற்றச் சொல்லி. அதை அதிபர் ஒருவரால் செய்ய முடியாது. அவர் கையில் இல்லாததை அவரிடம் கேட்டு, பிறகு அவரையே ஏசுவது நியாயமில்லை.

புதுக்குடியிருப்பு அப்பா:
அப்படியென்றால் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் அதிபர் கேட்கட்டும். நாங்கள் கேட்டால் பெற்றோர் புலம்பல். அவர் கேட்டால் அது கடிதம்.

கிளினிக் தாதி:
நெடுங்கேணி அக்கா, உங்கள் முதல் பதிவை இன்னொரு முறை வாசித்தேன். அக்கா போகும்போது தனியே போய்விடுவார், வரும்போதுதான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் துணை தேவைப்படுவது திரும்பும் வழிக்கு மட்டும்தானே? வெள்ளி அவருக்குக் காலை முறையா? மத்தியான முறைக்கு மாற்ற முடியுமா என்று பிரிவில் பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். வைத்தியரிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பிள்ளை பள்ளி முடிந்து பஸ் ஏறி வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் மெசின் இருக்கும் இடத்தைத்தான் பார்த்து அட்டவணை போடுகிறோம். பள்ளிப் பிள்ளைதான் துணை என்று யாரும் சொன்னால்தானே தெரியும்?

தனிப்பட்ட பரீட்சார்த்தி 2019:
அப்படிச் செய்வதாக இருந்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். டயலிசிஸ் முடிந்த கையோடு ஓட முடியாது, கையில் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

நெடுங்கேணி றோட்டு:
எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து வருகிறேன்.

தாதி தங்கச்சி சொன்னபடி கேட்டோம். வெள்ளி மத்தியான முறையில் ஒரு இடம் கிடைத்தது. அக்கா பத்து மணி பஸ்ஸில் தனியே போகிறாள். மகள் ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் சீருடையோடேயே பஸ் ஏறுகிறாள். முதல் வெள்ளி பஸ் பிந்திவிட்டது. அக்கா வாங்கில் படுத்திருக்க, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பார்த்துக்கொண்டாராம். இரண்டாம் வெள்ளி சரியாக நடந்தது. வீடு வர இருட்டிவிடும், சந்திக்கு மாமியின் மகன் ஓட்டோவோடு வந்து நிற்கிறான். எட்டு மணிக்கு மேல்தான் தம்பிக்குச் சாப்பாடு. ஆனாலும் இரண்டு வெள்ளியும் அவள் வகுப்பில் இருந்தாள்.

கடிதமும் கொடுத்தோம். அதிபர் வாங்கி வாசித்து, புத்தகத்தில் பதிந்தார். அந்த 31 நாளைப் பற்றி வலயத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன், அவள் விடவில்லை. தானே எழுதினாள். காரணம் என்ற இடத்தில், "என் அம்மாவுக்கு டயலிசிஸ். நான் அவரோடு போனேன்" என்று எழுதி, 31 திகதிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டிருந்தாள்.