பில்லில் கூட்டி எழுதச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

பாளை வாலிபன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நாலு வருஷமாக பில் போடுகிறேன். கான்ட்ராக்டர்கள் சிலர் 18,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு, "தம்பி, 23,000ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, வீட்டுக்காரர்ட்ட காட்டணும்" என்பார்கள். எழுதாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று அண்ணாச்சியும் எழுதச் சொல்கிறார், நானும் இதுவரை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். சினிமா, நகை, உடை என்றே போனது, எனக்கோ உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்தச் சீட்டுப் புத்தகம்தான் கண்முன் நின்றது. அம்மாவுக்கு மருந்து என் சம்பளத்தில்தான் வாங்குகிறோம். வேலையை விட்டுவிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, பைபிளில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, கர்த்தர் எங்கே போகிறார் பாருங்கள். வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. குருடன் முன்னே தடுக்கல் வைக்காதே. கடைசியில் 35, 36ஆம் வசனங்களில் தராசு, நிறைகல், மரக்கால், படி என்று நேரே கடைக்குள்ளேயே வந்துவிடுகிறார்! அந்தக் காலத்து வியாபாரி எடைக்கல்லைப் பையில் வைத்திருப்பான், வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சின்னக் கல். அதனால்தான் உபாகமம் 25:13, பையில் இரண்டு விதக் கல் வேண்டாம் என்கிறது. உங்கள் சீட்டுப் புத்தகமும் அந்தப் பையிலிருக்கும் கல்தான். மனசு உறுத்தியது நல்லது.

கட்டட மேஸ்திரி:
டீச்சரம்மா சொன்ன அந்தக் கூலி வசனம் என்னைப் பிடித்தது 12 வருஷத்துக்கு முன்னால். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களிடம் "திங்கக்கிழமை வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் ஆலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து காணிக்கை போடுவேன். சித்தாள் வேலைக்கு வந்த ஒரு அக்கா, "அண்ணே, நாளைக்கு வீட்ல அரிசி இல்ல" என்றது, அவ்வளவுதான், அன்று ராத்திரி தூங்கவில்லை. இப்போது என்ன ஆனாலும் சனிக்கிழமை 5 மணிக்குக் கூலி கையில் போய்விடும், அதற்காக இரண்டு தடவை வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

தூத்துக்குடி அண்ணன்:
ஆனால் உடனே வேலையை விடு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கர்த்தரை நம்ப ஆரம்பித்த சீரியா படைத்தலைவன் நாகமான், தன் ராஜாவோடு ரிம்மோன் என்ற வேறு தெய்வத்தின் கோவிலுக்குப் போய்க் குனிய வேண்டியிருக்கிறதே என்றபோது தீர்க்கதரிசி எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, "சமாதானத்தோடே போ" என்றுதானே சொன்னார்? அடுத்தவரிடம் வேலை பார்க்கிறவனின் நெருக்கடியையும் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
உண்மைதான், ஆனால் நாகமான் குனிந்ததால் யார் பணமும் போகவில்லை. இங்கே வீடு கட்டுகிற யாரோ ஒருவர், ஒருவேளை கடன் வாங்கிக் கட்டுகிறவர், 5,000 ரூபாயை இழக்கிறார். எனக்கு, பாபிலோன் அரண்மனைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல்தான் நினைவுக்கு வருகிறார். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று முதலில் மனதில் தீர்மானித்தார், ஆனால் தட்டைத் தூக்கி எறியவில்லை. மேலே இருந்தவரிடம் பணிவாகக் கேட்டார், அது சரிப்படாதபோது தன்னைக் கவனித்துக்கொண்ட மேல்ஷாரிடம் போய், மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து "பத்து நாள் சோதித்துப் பாரும்" என்றார். தம்பியும் அப்படிக் கேட்கலாமே. அண்ணாச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், "இது மட்டும் என் கையால் வேண்டாம், வேற எந்த வேலையும் செய்றேன்" என்று.

பாளை வாலிபன்:
நேற்று ராத்திரி கடை சாத்தும்போது கேட்டுவிட்டேன். கை நடுங்கியது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "சரி, நீ எழுதாண்டாம், நான் எழுதிக்கிடுதேன்" என்றார். மனசு பாதிதான் லேசானது, ஏனென்றால் வீட்டுக்காரர் ஏமாறுவது நிற்கவில்லையே. அதையும் ஒருநாள் அவரிடம் பேசத்தான் வேண்டும். சனிக்கிழமை அந்த கான்ட்ராக்டர்கள் எல்லாம் வருவார்கள், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.