ஐந்தாம் வகுப்பு வரை பி.டி. பீரியடில் ஓட்டப்பந்தயம் தேவையா?

நிலாமுற்றம்

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், தனியார் பள்ளி. போன செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியடில் விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. நான்கு வாரத்துக்கு மாவுக்கட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். ரிலே வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய் காம்பவுண்டு சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்து வரிசைப் பையனும் இவனும் ஒரே நேரத்தில் சுவரை நெருங்க, அவன் தோள் இடித்து இவன் கையை நீட்டியபடியே சுவரில் மோதி விழுந்திருக்கிறான். அன்றைக்கு இரண்டு செக்‌ஷன் சேர்த்து 70 பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு சார்.

ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டம், தாண்டுதல், போட்டி எதுவும் வேண்டாம் என்று பள்ளிக்கு எழுதப் போகிறேன். யோகாவும் கைகால் பயிற்சியும் போதும். மற்ற பெற்றோரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். "நாங்களெல்லாம் விழுந்து எழுந்துதான் வளர்ந்தோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தவள் நான்.

டிரில் மாஸ்டர்

அம்மா, தம்பி இப்ப எப்படி இருக்கான்? வலி குறைஞ்சிருக்கா?

நான் உடற்கல்வி ஆசிரியர், 22 வருஷ சர்வீஸ். சுவரைத் தொட்டுட்டு வரச் சொன்னது தப்பு. இதுக்கு யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு வேகம் எடுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. சுவர், கம்பம், படிக்கட்டு இதெல்லாம் ஓட்டம் முடியுற இடமா இருக்கவே கூடாது. சுவருக்குப் பதினைஞ்சு அடி முன்னாடி சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் தனியா ஒரு கோன் வெச்சு, அதைச் சுத்திட்டு வரச் சொல்லணும். எல்லா வரிசையும் கோனுக்கு ஒரே பக்கமாத்தான் திரும்பணும். இவ்வளவு செஞ்சிருந்தா உங்க பையன் கை முறிஞ்சிருக்காது.

ஆனா நீங்க கேக்குறது ஓட்டமே வேண்டாம்னு. அதை மட்டும் ஏத்துக்க முடியலம்மா. நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு நிறுத்தக் கத்துக் கொடுக்குற வயசே இதுதான். ஆறாம் வகுப்பில ஆரம்பிச்சா அப்ப உடம்பு எடை கூடியிருக்கும், வேகம் கூடியிருக்கும், விழுந்தா அடியும் கூடத்தான் படும்.

கோவைவாசி

நிலாமுற்றம் சொல்வதில் பாதி எனக்கும் சரியென்று படுகிறது. இந்தப் பள்ளிகளின் பி.டி. பீரியடை நம்பிப் பயனில்லை. பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், மழை வந்தால் ரத்து, மிச்ச நாளில் ஒரு பந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு சார் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். என் மகளை நீச்சலுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் தனியாக அனுப்புகிறேன். அங்கே பத்துப் பேருக்கு ஒரு கோச், ஹெல்மெட், முழங்கால் பேட் எல்லாம் உண்டு. பள்ளி பாடத்தைப் பார்க்கட்டும். விளையாட்டைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒற்றைப்பனை

கோவைவாசி சார், மாதம் ஃபீஸ் கட்டி அனுப்ப முடிகிற வீட்டுக்கு அது சரி. என் வகுப்பில் அப்படி ஒரு வீடுகூடக் கிடையாது.

அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் இருக்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதே அட்டவணை சொல்வது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். விளையாட்டு மைதானம் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும், விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்கிற சட்டம், சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளைச் சொல்லவில்லை. இந்த இடம் எனக்கு ரொம்ப நாளாக மனதை அறுக்கிறது. ஓடக் கற்றுக்கொள்ளும் வயதில்தான் சொல்லிக் கொடுக்க ஆளே இல்லை.

பீரியடைக் கடன் வாங்குவது பற்றி: 2023-இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மேடையில் கேட்டுக்கொண்டார். அமைச்சரே கேட்கிற அளவுக்கு அது ஊரறிந்த வழக்கம். நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

நிலாமுற்றம்

டிரில் மாஸ்டர் சார், பையன் பரவாயில்லை. விசாரித்ததற்கு நன்றி. வலது கைதான் எழுதும் கை, அது தப்பித்தது.

கோடு, கோன் என்று நீங்கள் சொல்வதெல்லாம் நீங்கள் இருக்கிற பள்ளியில் நடக்கும். 70 பிள்ளைகளை ஒரே ஆளிடம் விடுகிற பள்ளியில் எப்படி நடக்கும்? ஒற்றைப்பனை டீச்சரும் ஆளே இல்லை என்கிறார். முதலில் பயிற்சி பெற்ற ஆளைப் போடட்டும், பிறகு ஓட விடட்டும். அதுவரை யோகா என்றுதான் சொல்கிறேன். இதில் என்ன தவறு?

பிசியோ தேன்மொழி

நிலாமுற்றம் அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். மாவுக்கட்டு பிரித்த பிறகு வருகிற பிள்ளைகளைத்தான் தினமும் பார்க்கிறேன். விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டு முறிவது இந்த வயதில் ரொம்ப சாதாரணமாக வருகிற முறிவு. பள்ளி மைதானத்தில் மட்டுமில்லை, கட்டில், சோபா, மாடிப்படியில் இருந்தும் வருகிறார்கள். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்கிற உங்கள் கோபத்தோடு முழுக்க உடன்படுகிறேன். அதுவரை உட்கார வைப்பதில்தான் உடன்பாடில்லை.

எலும்பு பலப்படுவது அதன்மேல் பாரம் விழும்போது. குதிக்கிற, ஓடுகிற பிள்ளையின் எலும்பு அந்த அதிர்வுக்குத் தக்கபடி கெட்டிப்படும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை சராசரியாக தினம் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும், அதில் வாரம் மூன்று நாளாவது தசையும் எலும்பும் பலப்படுகிற வேலை இருக்க வேண்டும் என்கிறது. யோகா நல்லதுதான், நானே பல ஆசனங்களைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து செய்கிற யோகா மூச்சிரைக்க வைக்காது. பள்ளி விழாவுக்காகச் சின்னப் பிள்ளைகளைச் சிரசாசனத்தில் நிறுத்துகிறார்களே, கழுத்தில் உடம்பின் எடை இறங்குகிற அதைவிட ஓட்டம் எவ்வளவோ பத்திரம்.

கண் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தைவானில் 2010-இல் இருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கிற திட்டம் நடக்கிறது. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான். வெளிவெளிச்சம் கண்ணுக்குச் செய்கிற அந்த வேலையை அறைக்குள் விரித்த பாய் செய்யாது.

கோவைவாசி

வெளிவெளிச்சம் சரி. நம் ஊரில் வெளியில் வெயிலும் சேர்ந்துதானே வருகிறது? 2023-இல் வெயிலுக்காகவே பள்ளித் திறப்பைத் தள்ளித் தள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-இல்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பகல் 12 மணிக்கு பி.டி. பீரியட் போடுகிற பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். டைம்டேபிள் போடுகிறவர்களுக்கு அது வெறும் ஒரு கட்டம். பிள்ளைக்கு அது கொதிக்கிற மண்.

டிரில் மாஸ்டர்

இதை நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன் சார். சின்ன வகுப்புக்கு பி.டி. முதல் பீரியட்ல இருக்கணும், இல்லேன்னா மூன்றரைக்கு மேல. நடுப்பகல்ல போட்டா நான் ஹெச்.எம். கிட்ட சண்டை போட்டு மாத்துவேன். மாத்த முடியாத நாள்ல வராண்டா நிழல்லயே ஆட வைப்பேன். தண்ணி விஷயத்தில "தாகமா இருக்கா?"ன்னு கேக்கவே மாட்டேன். ஆட்டம் நடக்கும்போது எந்தப் பிள்ளையும் ஆமான்னு சொல்லாது. ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தடவை, நடுவில ஒரு தடவை விசில் அடிச்சு எல்லாரையும் குடிக்க வைக்கணும்.

அம்மா, 70 பிள்ளைங்க கேள்விக்கு வர்றேன். நீங்க கேட்டது நியாயம். 70 பேரை ஒரே ஆளா ஓட விட மாட்டேன். பாதிப் பேரைக் கட்டத்துக்குள்ள பாண்டி ஆட விட்டு, மீதிப் பேரை ஓட்டத்துக்கு எடுப்பேன். அதுக்கு முன்னாடி ஜூன்ல செய்யுற ஒரு வேலை இருக்கு. அதைச் சொன்னா உங்களுக்கே புரியும்.

பள்ளி திறந்து முதல் மூணு நாலு வாரம் எந்தப் போட்டியும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு கையையும் விரிச்சு ஒரு சுத்து சுத்தணும். யார் மேலயும் படலைன்னா அது அவனோட இடம். அந்த இடத்தைக் கூடவே கொண்டுபோற மாதிரி முதல்ல நடக்கணும், அப்புறம் மெதுவா ஓடணும், அப்புறம் வேகமா. விசில் கேட்டா சிலை. முதல் நாள் விசில் அடிச்சா பத்துப் பேர் சறுக்கிட்டே போவான். மூணாவது வாரம் முப்பது பேரும் முட்டியை மடக்கி, ரெண்டே எட்டுல நிப்பான். அந்த அமைதியைக் கேக்கணுமே! அப்புறம் குதிக்கறது. கீழ்ப்படியில இருந்து குதிச்சா சத்தம் வரக்கூடாது, பூனை மாதிரி இறங்கணும். சத்தம் வந்தா முட்டி மடங்கலைன்னு அவனுக்கே தெரியும். கடைசியா விழுறது. மெத்தையில மண்டி போட்டு, தாடையை நெஞ்சோட ஒட்டி, தோள் பக்கமா உருளணும். கையை விறைப்பா ஊன்றி விழாதேன்னு வாயால ஆயிரம் தடவை சொன்னாலும் ஏறாது. உருண்டு உருண்டு பழகின உடம்புக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இதுக்கு ரூபா செலவில்ல. ஆனா பி.டி. பீரியட் வாரா வாரம் தவறாம நடக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை வெளிய விட்டா, பிள்ளைங்க அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரிதான் ஓடும். அன்னிக்குத்தான் அடிபடும்.

நிலாமுற்றம்

கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. எங்கள் பள்ளியில் அதற்கு முந்தைய மூன்று வாரமும் மிட்டெர்ம் என்று பி.டி. நடக்கவில்லை. அன்றுதான் முதல் முறையாக வெளியே விட்டார்கள்.

ஆனாலும் சார், போட்டி எதற்கு? எட்டு வயதில் யார் முதலில் வந்தால் என்ன? என் மகன் சுவரைப் பார்க்கவில்லை, பக்கத்து வரிசைப் பையனைத்தான் பார்த்திருக்கிறான்.

ஒற்றைப்பனை

இதில் நான் நிலாமுற்றம் பக்கம். "அவுட்டானவன் உட்கார்" என்கிற ஆட்டங்களை இரண்டு வருடமாக நான் வைப்பதில்லை. உடம்பு கனத்த பிள்ளை, மெதுவாக ஓடுகிற பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். யாருக்கு அதிகம் ஓட்டம் வேண்டுமோ அந்தப் பிள்ளை பீரியட் முழுக்க உட்கார்ந்திருக்கும். என்னிடம் நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், பி.டி. என்றாலே வயிற்றுவலி என்பாள். இப்போது தொட்டால் வெளியே போக வேண்டாம், தொட்டவளோடு கைகோத்துச் சேர்ந்து ஓடு என்று மாற்றிவிட்டேன். வயிற்றுவலி போய்விட்டது.

இன்னொன்று, ஹோம்வொர்க் எழுதாதவனை கிரவுண்டைச் சுற்றி ஓடச் சொல்வது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே பிள்ளையிடம் ஓடினால் நல்லது என்று எந்த முகத்தோடு சொல்வது?

டிரில் மாஸ்டர்

டீச்சர், தண்டனை விஷயத்தில மறுபேச்சே இல்ல. போட்டி விஷயத்தில கொஞ்சம் விலகறேன். நாலாவது அஞ்சாவதுல பிள்ளைங்களே போட்டி கேப்பாங்க. நாம வைக்கலைன்னா இண்டர்வெல்ல அவங்களே வெச்சுப்பாங்க, அப்ப பாத்துக்க ஆள் இருக்காது. மூணாம் வகுப்புக்குப் போட்டி வேண்டாம்னா நான் சரின்னு சொல்லுவேன். அதோட போன வாரம் 12 தடவை கயிறு தாண்டினவன் இந்த வாரம் 15 தாண்டினா அதுவும் போட்டிதான், அவனோட அவனுக்கே.

பிசியோ தேன்மொழி

அடிபட்ட உடனே செய்வதையும் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கு எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. கையை யாரும் இழுக்கவோ உருவிவிடவோ நீவவோ கூடாது. நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக் கைக்கு அடியில் வைத்து, துப்பட்டாவால் கட்டிக் கழுத்தில் தூக்கி மாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் நுனி வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்தாலும் அன்றைக்குத் திரும்ப ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

வீசிங் இருக்கிற பிள்ளையை ஒதுக்கி உட்கார வைக்கிறார்கள். இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில் இருந்து, டாக்டர் சரியென்று சொல்லியிருந்தால், மெதுவாகத் தொடங்கி அந்தப் பிள்ளையும் ஓடலாம். யாருக்கு என்ன இருக்கிறது என்று பி.டி. சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்த விவரம் ஆபீஸ் பீரோவிலேயே தங்கிவிடுகிறது.

நிலாமுற்றம்

இன்று பள்ளிக்குப் போய் வந்தேன். ஓட்டமே வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுக்கவில்லை. நேற்று இரவு வேறு எழுதினேன். இரண்டு செக்‌ஷனை ஒன்றாக வெளியே விடக்கூடாது, சுவருக்கு முன்னால் கோடு, மூன்றாம் வகுப்பு வரை பந்தயம் கூடாது, பரீட்சை நேரத்திலும் பி.டி. நிற்கக்கூடாது, வீசிங் உள்ள பிள்ளைகளின் பெயர் பி.டி. சார் கையில். 31 பெற்றோர் கையெழுத்து. கோடு நாளைக்கே போடுகிறோம் என்றார்கள். செக்‌ஷன் பிரிப்பதற்கு டைம்டேபிளைக் காரணம் காட்டுகிறார்கள். அதை விடுவதாக இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு சொல்கிறேன், கட்டுப் பிரித்ததும் இவனை உடனே ரிலேயில் விட எனக்கு மனம் வராது. அதில் யாரும் என்னை மாற்ற முடியாது. இவன் இப்போதே மாவுக்கட்டோடு வாசலில் விசில் அடித்து, தங்கையைச் சிலையாக நிற்க வைத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் பதிவை நான் வாசித்துக் காட்டியதுதான் காரணம், சார்.

டிரில் மாஸ்டர்

நிக்கறாளா?

நிலாமுற்றம்

இரண்டு எட்டில் நின்றுவிடுகிறாள்.

ஒற்றைப்பனை

சார், கயிறு தாண்டுதல் பற்றிச் சொன்னீர்களே. என் பள்ளிக்கு வாங்கப் போகிறேன், ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே நீளம் போதுமா?

டிரில் மாஸ்டர்

போதாது டீச்சர். கயிறோட நடுவில பிள்ளை மிதிச்சு நிக்கணும், ரெண்டு முனையும் அக்குள் வரைக்கும் வரணும். நீளம் அதிகமானா காலில சிக்கி விழும். ரெடிமேட் வாங்காதீங்க, கடையில மொத்தமா நைலான் கயிறு வாங்கி மூணு அளவில வெட்டி, நுனியைத் தீயில காட்டி முடிச்சுப் போட்டுருங்க. 41 பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு வந்துரும்.