பாட்டிக்கு எந்தப் பக்கம்?

குழு: சுங்கை சிப்புட் வீடு

ராணி (இரவு 8:12): திருச்சிக்கு மார்கழி டிக்கெட் எடுத்தாச்சு. காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால், அவர்கள் கணக்கில் பத்தரைக்கு அங்கே. இருக்கை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. பாட்டிக்கு ஸ்ரீரங்கம் கோபுரத்தை மேலே இருந்து பார்க்க வேண்டுமாம். எந்தப் பக்க ஜன்னல்?

கலா அத்தை: மாலை விமானம் மலிவாக இருந்ததே?

ராணி: இருட்டிய பிறகு இறங்கும், அத்தை. விளக்குப் புள்ளிகள்தான் தெரியும்.

கோபி: எஃப், வலது பக்கம். போன ஜூலையில் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். டெல்டா வயல்கள் முடிந்ததும் மலைக்கோட்டை, அப்புறம் காவிரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோபுரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது மேலே இருந்து பார்த்தால்தான் புரிகிறது.

சிவா மாமா: நீ போனது ஜூலை, தம்பி. அப்போது தென்மேற்குக் காற்று. விமானம் எதிர்க்காற்றில் இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நம் பக்கத்திலிருந்து போகிற விமானம் ஜூலையில் நேராக மேற்கே பார்த்து இறங்கிவிடும். ஊர் விமான நிலையத்துக்கு வடக்கே, அதாவது உன் வலது கைப் பக்கம். மார்கழியில் வாடை அடிக்கும். அநேகமாக நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பிக் கிழக்கே பார்த்து இறங்கும். அப்போது ஊர் இடது கைப் பக்கம். ஆகவே ஏ.

கோபி: அநேகமாகவா?

சிவா மாமா: காற்று லேசாக இருந்தால் மாற்றிவிடுவார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் சொல்வதுதான் கடைசி.

கலா அத்தை: ஒரு கோபுரத்தைப் பார்க்க இன்னொரு கோபுரம் மனசு வைக்க வேண்டும் போல 😄

ராணி: ஆனால் மாமா, போகிற வழியில் ஏ பக்கம்தானே வெயில் விழும்? மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்குமே.

பாட்டி (குரல் செய்தி, ராணி எழுதியது): ஜன்னலுக்கு மறைப்பு இருக்கும்தானே, இழுத்துவிட்டுக்கொள்கிறேன். என் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் வந்து இறங்கியவர். ஸ்ரீரங்கத்தைப் பற்றிப் பேசினாலே மொட்டைக் கோபுரம், மொட்டைக் கோபுரம் என்பார். அதை எப்போது கட்டி முடித்தார்கள்?

கோபி: 1987, பாட்டி. 13 நிலை, 236 அடி. அதற்கு முன் பல நூறு வருஷம் அடிப்பாகம் மட்டும்தான் நின்றது. தெற்கு வாசலில் இருப்பதால் விமான நிலையப் பக்கம் பார்த்து நிற்கும்.

பாட்டி: அம்மாவுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சரி, எனக்கு எத்தனையாவது நெரை?

ராணி: நெரையா?

கலா அத்தை: ரப்பர் தோட்டத்தில் பால் மரத்து நெரை, பிள்ளை. பாட்டி எத்தனை வருஷம் நெரை பிடித்துப் பால் வெட்டியவர்! வரிசையைக் கேட்கிறார்.

சிவா மாமா: 10லிருந்து 20 வரை வேண்டாம், அம்மா. இறக்கை மறைத்துவிடும். அதற்கும் பின்னால் போனால் இன்ஜின் சூட்டில் எல்லாம் நெளிநெளியாகத் தெரியும். அஞ்சோ ஆறோ நல்லது. கிளம்பும்போதும் கீழே பாருங்கள், விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் செம்பனை வரிசை வரிசையாக, கோலம் மாதிரி இருக்கும்.

பாட்டி: செம்பனையைப் பார்க்க எதற்கு விமானம்? வாசலைத் திறந்தால் நிற்கிறது.

ராணி: 6ஏ பாட்டிக்கு. இரவு 2 மணிக்கே கார் வந்துவிடும். எழுந்துவிடுவீர்களா, பாட்டி?

பாட்டி: இது தோட்டத்துப் பெரட்டுக்கு, அந்த விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து பழகிய உடம்பு. உங்களை யார் எழுப்புவது என்று பாருங்கள்.

ராணி: 6பி எனக்கு. மாமா, உங்களுக்கு 7ஏ எடுக்கட்டுமா? அதுவும் ஜன்னல்தான்.

சிவா மாமா: வேண்டாம், வேண்டாம். 6சி போடு. எனக்குக் கழிவறைக்குப் போய்வர வசதியாக இருக்க வேண்டும்.