டோக்கன் வடிவில் பங்கு விற்றவர்கள், வாங்கியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிங்கைச் செயலர்
சிறு நிறுவனம் ஒன்றின் செயலர் நான். பங்குகளை எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே சமயம் இருக்கும் பொதுப் பதிவேடு) டோக்கனாக, அதாவது பங்கைக் குறிக்கும் டிஜிட்டல் பதிவாக, தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்கு மட்டும் விற்றோம். வாங்கியவர்களில் ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டார். அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஹார்டுவேர் வாலட்டை, அதாவது டோக்கனை அனுப்பத் தேவையான ரகசியச் சாவி இருக்கும் சிறு கருவியை, மேசைமேல் வைத்தார். "பின் நம்பர் தெரியலை தம்பி. தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிடும்னு பையன் சொல்றான். தொடவே பயமா இருக்கு."

உண்மையில் எதுவும் போகாது. பங்குதாரர் யார் என்பதற்குச் சட்டப்படி சிங்கப்பூரின் நிறுவனப் பதிவு அமைப்பான அக்ராவிடம் உள்ள மின்பதிவேடுதான் ஆதாரம். பழைய டோக்கனை ரத்து செய்து வாரிசுக்குப் புதிதாக வழங்கும் வசதி, டோக்கனை இயக்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டிலேயே இருந்தது. நீதிமன்றப் பத்திரம் வந்ததும் அப்படியே செய்தோம். கேஒய்சி படிவத்தில் அத்தனை கேள்வி கேட்கிறோம், 'வாலட் போனாலும் பங்கு போகாது' என்று குடும்பத்துக்கு ஒரு வரி சொல்ல அதில் இடமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

டல்லாஸ்காரன்
என் வாலட்டில் இருப்பதை நிறுவனமே ரத்து செய்யலாம் என்றால் பிளாக்செயின் எதற்கு அண்ணா? நான் வாங்கியது ரெகுலேஷன் டி டோக்கன், அதாவது அரசிடம் பதிவு செய்யாமல் தனிப்பட்ட முறையில் விற்க அமெரிக்க விதி தரும் விலக்கில் விற்றது. மறுவிற்பனைக்கான ஒரு வருடத் தடை முடிந்ததும் அலுவலக நண்பர் தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அனுப்பினேன். எத்தீரியம் பரிமாற்றங்களைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் சிவப்பாக 'ஃபெயில்' என்று வந்தது. அவர் வாலட் முகவரி, டோக்கன் பெற அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலான வைட்லிஸ்டில் இல்லையாம். பரிமாற்றத்துக்கு எத்தீரியத்தில் கட்டும் கேஸ் கட்டணம் போனதுதான் மிச்சம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதிலே இல்லை.

மயிலாப்பூர் ஆடிட்டர்
டல்லாஸ் தம்பி, வைட்லிஸ்ட் குறை இல்லை. டோக்கன் விற்றுப் பணம் திரட்டிய 'தி டிஏஓ' திட்டம் பற்றிய 2017 ஜூலை அறிக்கையிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி சொல்லிவிட்டது, டோக்கனாக விற்றாலும் பங்குச் சட்டம் பொருந்தும் என்று. யார் கைக்கும் போகலாம் என்றால் ரெகுலேஷன் டி விலக்கே நிற்காது. செயலர் செய்ததும் சரி. சாவியோடு பங்கும் தொலையும் என்றால் எந்தக் குடும்பம் பணம் போடும்?

என் அனுபவம் சின்னது. ஒரு ஸ்டார்ட்அப் பையன், "டெலிகிராம் குழுவுல ஆயிரக்கணக்குல காத்திருக்காங்க சார். டோக்கன்தானே, கம்பெனிச் சட்டம் வராதுல்ல?" என்றார். வரும் என்றேன். எழுந்து போய்விட்டார்.

ஆகவே இதை யோசிப்பவர்களுக்கு: இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 42. ஒரு நிதியாண்டில் 200 பேர் வரைதான் தனிப்பட்ட முறையில் பங்கு வழங்கலாம். தாண்டினால் அது பொது வெளியீடு, அதற்கான விதிகள் எல்லாம் வந்துவிடும். அமெரிக்காவில் பொதுமக்களிடம் போன, கிரிப்டோ வாலட் மென்பொருள் நிறுவனமான எக்ஸோடஸைப் படியுங்கள். 2021ல், பொதுமக்களுக்குச் சிறு அளவில் பங்கு விற்க அனுமதிக்கும் ரெகுலேஷன் ஏ-யின் கீழ், பங்கு 27.42 டாலர் விலையில் சுமார் 75 மில்லியன் டாலர் திரட்டினார்கள், டோக்கன் அல்கோராண்ட் என்ற இன்னொரு பிளாக்செயினில். அப்படியும் நியூயார்க்கின் என்ஒய்எஸ்இ அமெரிக்கன் பங்குச் சந்தையில் ஏற 2024 டிசம்பர் ஆகிவிட்டது. முதலில் வக்கீலைப் பாருங்கள், அப்புறம் ட்ரான்ஸ்ஃபர் ஏஜென்ட், அதாவது பங்கு யாரிடம் இருக்கிறது என்ற பதிவைப் பராமரிப்பவர். கோடு எழுதுபவர் கடைசியில்தான்.

டல்லாஸ்காரன்
விதி புரிகிறது சார். நண்பரைச் சேர்க்க யாரிடம் போவது என்று வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

சிங்கைச் செயலர்
சொல்லியிருக்க வேண்டும். வெளியீட்டு ஆவணத்தில் ட்ரான்ஸ்ஃபர் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா பாருங்கள் தம்பி. இருந்தால் நிறுவனத்துக்காகக் காத்திருக்காமல் அவருக்கே எழுதுங்கள்.