சூடானால் நின்றுவிடும் 1996 புல்லட் 350: எஞ்சினைப் பிரிக்கும் முன் எவற்றைச் சோதிப்பது?

மலைப்பாதை (திண்டுக்கல்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பான புல்லட் ஸ்டாண்டர்டு 350 ஒன்றை அண்மையில் வாங்கினேன். வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பொறி உண்டாக்கும் அமைப்பு), 12 வோல்ட் பேட்டரி, வலக்கால் கியர் என எல்லாமே பழைய அமைப்பில் அப்படியே இருக்கின்றன. முன்பு வைத்திருந்த பெரியவரால் ஓட்ட முடியாமல் போனபிறகு, வண்டி சில ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது.

காலையில் குளிர்ந்த நிலையில் ஓரிரு உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினாலோ, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாலோ, டம்டம் பாறைக்கு வருவதற்குள் எஞ்சின் விட்டுவிட்டு வெடித்து, வேகம் குறைந்து, நின்றுவிடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு உதைத்தாலும் பிடிப்பதில்லை. நிழலில் நிறுத்தி நன்றாக ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடுகிறது.

உள்ளூர்ப் பட்டறையில் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தார்கள், பயனில்லை. இப்போது பேரலை எடுத்து ரீபோர் செய்து (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி) புதிய பிஸ்டன் போடவேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவில் இறங்கும் முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை எவை? என்னிடம் ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர் ஆகியவை உள்ளன.

பாயிண்ட்செட் (திருச்சி) எழுதுகிறார்:

வணக்கம். ரீபோர் செய்யும் முடிவைத் தள்ளிவையுங்கள். பேரலும் ரிங்கும் தேய்ந்த எஞ்சின் நீலப்புகை விடும், ஆயிலைக் குடிக்கும், குளிர்ந்த நிலையில்தான் எடுக்கச் சிரமப்படும். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. சூட்டில் பிஸ்டன் பிடிக்கிறதோ என்று ஐயம் இருந்தால், வண்டி நின்ற உடனே கிக்கரை மெல்ல அழுத்திப் பாருங்கள். வழக்கத்தைவிட இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த ஐயத்தையும் விட்டுவிடலாம்.

சூட்டில் செயலிழந்து குளிர்ந்தபின் தேறும் உறுப்புகளில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை கண்டன்சரும் (பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி எழாமல் தடுப்பது) இக்னிஷன் காயிலும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது)தான். இவற்றைப் பட்டறையில், ஆறிய வண்டியில் சோதித்துப் பயனில்லை, ஏனென்றால் ஆறிய நிலையில் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். பட்டறைக்காரர் பழுதைப் பார்க்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற அந்த நிமிடத்திலேயே செய்யவேண்டும். அதற்காக ஒரு நல்ல பிளக், ஒரு புதிய கண்டன்சர், ஒரு முழ வயர் ஆகியவற்றைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்த மலைப்பாதையில் ஏறுங்கள்.

வண்டி நின்றதும் முதலில் ஹெட்லைட் கூட்டிலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, டீகம்ப்ரசரை (கம்ப்ரஷனை வெளியேற்றும் ஹேண்டில்பார் நெம்பை) பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் ஏறத்தாழ 3 ஆம்பியர் அளவுக்கு டிஸ்சார்ஜ் பக்கம் சாயவேண்டும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பவேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது சாவியிலிருந்து காயில் வரையுள்ள இணைப்பில் துண்டிப்பு. டிஸ்சார்ஜ் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ வயரோ எர்த்தைத் தொடுகிறது. எந்த மீட்டரும் இல்லாமலேயே பாதி மின்சுற்றை இந்த ஒரு முள் சொல்லிவிடுகிறது. இதற்காகவே அந்தப் பழைய ஆம்பியர் மீட்டரைக் கழற்றிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

முள் ஒழுங்காக ஆடினால், கையிலுள்ள பிளக்கைத் தொப்பியில் மாட்டி, எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றாமலேயே, வெளியே ஃபின்னில் எர்த்தாக வைத்து உதைத்துப் பாருங்கள். சூடான எஞ்சினின் பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் ஆபத்து என்பதால் இதைச் சொல்கிறேன். நீலநிறத்தில் சத்தத்துடன் பாயும் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிந்த பொறி வந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைக் கவனியுங்கள்: திறக்கும்போது அங்கே பளிச்சென்று பெரிய தீப்பொறி தெரிந்தால் கண்டன்சர் போய்விட்டது. பழைய கண்டன்சரின் வயரைப் பிரித்துவிட்டு, புதியதன் வயரைப் பாயிண்ட் முனையில் இணைத்து, அதன் உடலை எஞ்சினின் சுத்தமான இரும்பில் அழுத்திக் கட்டி உதைத்துப் பாருங்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது.

கண்டன்சர் மாற்றியும் பொறி மெலிந்தே இருந்தால் காயிலைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் பாயிண்ட் காயிலின் பிரைமரி (பேட்டரி பக்கச் சுற்று) பொதுவாக 3 முதல் 4 ஓம் காட்டும். ஆனால் சூட்டில் செகண்டரியின் (பிளக் பக்கச் சுற்றின்) காப்பு முறிவதை மல்டிமீட்டர் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை, வேறொரு காயிலை மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே வைக்காதீர்கள்; பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வீணாகச் சூடேறிக் கெடும்.

உதிரிபாகம் பற்றி ஒன்று. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும், 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட இந்த எஞ்சினைச் சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்துவந்தார்கள். அதனால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இதற்குக் கிடைக்காத பொருள் குறைவு; தரம்தான் கடைக்குக் கடை மாறுகிறது. கண்டன்சரை மட்டும் விலை பார்க்காமல் நல்ல தயாரிப்பாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வால்வுசீட் (ஈரோடு) எழுதுகிறார்:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் மின்பொறியை மட்டும் துரத்தவேண்டாம். இதே அறிகுறியை எக்ஸாஸ்ட் வால்வும் தரும். வால்வு தன் சீட்டில் சிறிது சிறிதாக உள்ளே இறங்க இறங்க டேப்பட் இடைவெளி (வால்வைத் திறக்கும் உறுப்புகளுக்கிடையே விடும் தளர்வு) இறுகுகிறது. குளிர்ந்தபோது சரியாக மூடும் வால்வு, சூட்டில் நீண்டு, முழுமையாக மூடாமல் கம்ப்ரஷனை விட்டுவிடுகிறது. வண்டி நின்றதும் டீகம்ப்ரசரைப் பிடிக்காமல் கிக்கரில் காலை வைத்து மெல்ல அழுத்துங்கள். காலையில் இருந்த எதிர்ப்பு இப்போது இல்லையென்றால், பொறி எவ்வளவு நீலமாக வந்தாலும் எஞ்சின் ஓடாது.

டேப்பட்டை இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில்தான் பார்க்கவேண்டும். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பேரலின் வலப்பக்க அடியிலுள்ள டேப்பட் மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகளும் (வால்வுகளைத் தள்ளும் தண்டுகள்) தெரியும். இவை விரலால் எளிதாகச் சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. எக்ஸாஸ்ட் புஷ்ராடு சுழலவே மறுத்தால் காரணம் கையில் அகப்பட்டுவிட்டது. டேப்பட்டைத் தளர்த்திச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி சுழற்றிப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம். கூடவே டீகம்ப்ரசர் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கிறதா, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது அது இழுபடுகிறதா என்றும் கவனியுங்கள்.

பெட்ரோல் பக்கத்தைச் சோதிப்பது எளிது. வண்டி தடுமாறத் தொடங்கியதும் டேங்க் மூடியைத் திறங்கள். காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டு, எஞ்சினும் தேறினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சில ஆண்டுகள் நின்ற வண்டி என்பதால் டேங்கின் அடியில் துருவும் இருக்கும். பெட்ரோல் காக்கை (டேங்கின் அடியிலுள்ள திருகு குழாயை) கழற்றி அதன் வடிகட்டியைப் பாருங்கள். இப்போது விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது, பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கக்கூடியது. அவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

சம்ப்பிளக் (நாகர்கோவில்) எழுதுகிறார்:

மலையேற்றத்தில் சூடாகிறது என்று எழுதியிருப்பதால் ஆயில் ஓட்டத்தையும் பார்க்கச் சொல்கிறேன். நீண்ட நாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கிலிருந்து கசிந்து சம்பில் (எஞ்சினின் அடிப்பகுதியில்) தேங்கிவிடும். அளவுகுச்சி குறைவாகக் காட்ட, நாம் மேலும் மேலும் ஊற்றிவிடுவோம். சம்ப் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு, டைமிங் கவரிலுள்ள ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயிலைச் சரியான அளவில் ஊற்றுங்கள். ஃபில்டரோடு வரும் ஸ்பிரிங்கையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே மாட்டவேண்டும்.

பிறகு எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ராக்கருக்கு (மேலே வால்வுகளை அழுத்தும் நெம்புகளுக்கு) போகும் ஆயில் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (குழாயைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்டை) சற்றுத் தளர்த்துங்கள். இது குறைந்த அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு என்பதால் ஆயில் பீய்ச்சாது, நிதானமாகக் கசியும்; அதுவே போதும். சிறிது நேரம் பொறுத்தும் எதுவும் வராவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இந்த எஞ்சினின் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்) மிதவை புஷ் வகையைச் சேர்ந்தது, ஆயில் இல்லாமல் அது தாங்காது.

மலைப்பாதை (திண்டுக்கல்) எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. ஆயில் ராக்கர் வரை வருகிறது. சம்பிலிருந்து எதிர்பார்த்ததைவிட நிறையவே வடிந்தது. டேங்க் மூடியில் அடைப்பு இல்லை. மலைப்பாதையில் வண்டி நின்றதும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். ஆம்பியர் மீட்டர் முள் ஒழுங்காக ஆடியது. பிளக்கில் மஞ்சள் பொறி, பாயிண்டில் பெரிய தீப்பொறி. புதிய கண்டன்சரை வயரால் இணைத்ததும் சூடான எஞ்சினே பிடித்துக்கொண்டது, நிற்காமல் கொடைக்கானல் வரை போய்வந்தேன்.

மறுநாள் காலை டேப்பட்டைத் திறந்தபோது எக்ஸாஸ்ட் புஷ்ராடு மிகச் சிரமப்பட்டே சுழன்றது, அதையும் தளர்த்திவிட்டேன். ஆனாலும் ஏற்றத்தில் இழுவை போதவில்லை, சைலன்சர் குழாயின் தொடக்கப் பகுதி நீலம் பாய்ந்திருக்கிறது. பாயிண்டின் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கிறது. அதை அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாமா? டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) நானே வைக்க முடியுமா?

பாயிண்ட்செட் (திருச்சி) எழுதுகிறார்:

நல்ல செய்தி. குழிவிழுந்த பாயிண்டைத் தேய்த்தால் வீடுவரை வரலாம். நிரந்தரமாக வேண்டுமானால் புதிய செட் போடுங்கள். கண்டன்சர் கெட்ட நிலையில் ஓடியதன் விளைவுதான் அந்தக் குழி, புதிய பாயிண்டில் அவ்வளவு விரைவில் வராது. பொறி தாமதமாக விழுந்தால் நீங்கள் எழுதியிருப்பதுபோல இழுவை குறைந்து எக்ஸாஸ்ட் குழாய் அதிகம் சூடேறும், ஆகவே டைமிங் கட்டாயம் பார்க்கவேண்டியதே.

முதலில் பாயிண்ட் முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றவேண்டாம். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியைக் கண்டுபிடியுங்கள். பிளக் துளை வழியே ஒரு ஸ்போக் கம்பியை விட்டு அடையாளமிட்டு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும் இடத்துக்குப் பின்னோக்கிச் சற்று அதிகமாகவே கொண்டுபோய், மீண்டும் முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். பற்சக்கரங்களின் தளர்வு அப்போதுதான் கணக்கில் வராது. துளை சாய்வாக இருப்பதால் கம்பியைக் கூடியவரை நிமிர்த்தி, ஒரே கோணத்தில் பிடியுங்கள்.

அந்த இடத்தில், அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து பொறியை முன்கூட்டியே விழச்செய்பவை) முழுமையாக மடங்கியிருக்கும்போது, பாயிண்ட் திறக்கத் தொடங்கவேண்டும். சாவியைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சிறிது சிறிதாகத் திருப்பினால், ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம், அங்கே இறுக்கிவிடுங்கள். இறுக்கும் முன் அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்துவிட்டுப் பாருங்கள், ஸ்பிரிங்குகள் அவற்றை உடனே இழுத்துக்கொள்ளவேண்டும். நின்றுகிடந்த வண்டிகளில் அவை துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு ஆயில் போதும், அதிகமானால் பாயிண்டில் தெறிக்கும்.

புதிய பாயிண்டின் ஃபைபர் குதிகாலில் கடுகளவு கிரீஸ் வையுங்கள். அந்தக் குதிகால் கேமில் படியும்வரை விரைவாகத் தேயும், தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் தாமதப்படும். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஃபீலர் கேஜை எடுத்து மறுபடி அளந்துவிடுங்கள்.