மாலை 7 மணிக்கு மேல் பிபிபி தீர்வு துள்ளுகிறது: அயனி மண்டலத் தாமதத்தைத்தான் நீக்கியாயிற்றே?

நிலமளப்பான்:
நிலையாக வைத்த எல்1/எல்2 (ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் இரு அலைவெண்கள்) இரட்டை அலைவெண் ரிசீவர், 30 நொடிக்கு ஒரு பதிவு. துல்லியச் சுற்றுப்பாதை, கடிகாரக் கோப்புகளைக் கொண்டு, அயனி நீக்கிய கூட்டளவையில் (அயனி மண்டலத் தாமதம் போகும்படி இரு அலைவெண் அளவீடுகளையும் சேர்த்தது) பிபிபி (ஒரே ரிசீவரைக் கொண்டு இடத்தைத் துல்லியமாகக் கணிக்கும் முறை) ஓட்டுகிறேன். இடம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். மின்னணுச் செறிவு உச்சத்தில் இருக்கும் மதியம் 2 மணிக்குக்கூட 2–3 செ.மீ.க்குள் நிற்கிறது. மாலை 7 முதல் நள்ளிரவு வரை மட்டும் உயர மதிப்பு டெசிமீட்டர் கணக்கில் துள்ளுகிறது. தாமதம் குறைந்த பிறகு பிழை கூடுவது ஏன்? ஐயோனெக்ஸ் வரைபடம் (அயனி மண்டல மின்னணுச் செறிவின் வரைபடக் கோப்பு) சேர்த்தால் தீருமா? சைக்கிள் ஸ்லிப் (ரிசீவர் அலைச் சுழற்சி எண்ணிக்கையில் நழுவுவது) கண்டறியும் வரம்பை 5 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ. ஆக்கினால் துள்ளல் குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

அலைக்கணக்கு:
விடக் கூடாது.

உங்கள் சிக்கல் தாமதத்தின் அளவு அல்ல, அது மாறும் வேகம். 1 டிஇசியூ (டிஇசி, அதாவது சிக்னல் பாதையிலுள்ள மொத்த மின்னணுக்களை அளக்கும் அலகு: சதுர மீட்டருக்கு 10^16 மின்னணுக்கள்) எல்1-இல் 16.2 செ.மீ., எல்2-இல் 26.7 செ.மீ. தாமதம் தரும். தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், எல்1-ஐ 2.546-ஆல் பெருக்கி, எல்2-ஐ 1.546-ஆல் பெருக்கிக் கழித்தால் முதல் படித் தாமதம் முழுக்கப் போய்விடும். மதியம் 100 டிஇசியூ இருந்தாலும், அதாவது எல்1-இல் 16 மீட்டர், மிஞ்சுவது இரண்டாம் படித் தாமதம்தான்: சில மி.மீ. முதல் 1–2 செ.மீ. வரை. மதியம் நன்றாக வருவதில் வியப்பில்லை.

மாலையில் நடப்பது வேறு. சூரியன் மறைந்ததும் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் பிளாஸ்மா குமிழிகள் (மின்னணுச் செறிவு குறைந்த பகுதிகள்) எழும்புகின்றன. அவற்றின் விளிம்பைச் சிக்னல் கடக்கும்போது டிஇசி சட்டென்று மாறும். நிமிடத்துக்கு 2 டிஇசியூ மாறினால் 30 நொடியில் 1 டிஇசியூ. ஸ்லிப்பைத் தேடும் எல்1–எல்2 வேறுபாடு அதனால் 10.5 செ.மீ. நகரும். உங்கள் வரம்போ 5 செ.மீ. உண்மையில் ஸ்லிப் எதுவும் இல்லாமலே மென்பொருள் ஸ்லிப் என்று முடிவுகட்டி ஆம்பிகியூட்டியை (அதுவரை கணித்து வைத்த தொடக்கச் சுழற்சி எண்ணிக்கையை) அழித்துவிடுகிறது. ஒரே சமயத்தில் நாலைந்து செயற்கைக்கோள்களுக்கு இப்படி ஆனால் தீர்வு ஏறக்குறைய முதலிலிருந்து ஒருங்க வேண்டும். நீங்கள் காணும் துள்ளல் அதுதான்.

இனி 15 செ.மீ. ஏன் ஆபத்து என்று பாருங்கள். எல்1 அலைநீளம் 19.0 செ.மீ., எல்2 24.4 செ.மீ. இரண்டிலும் ஒரே பக்கமாக ஒவ்வொரு சைக்கிள் நழுவினால் வேறுபாடு 5.4 செ.மீ. மட்டுமே; 5 செ.மீ. வரம்பு அதை மயிரிழையில் பிடிக்கும், 15 பிடிக்காது. ஸ்லிப்பைத் தேடும் இன்னொரு வழியான மெல்போர்ன்–வூபெனா சோதனையும் கைகொடுக்காது. அது இரண்டு சைக்கிள் எண்களின் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, இங்கே வித்தியாசம் சுழியம். அந்த ஸ்லிப் தப்பிவிட்டால் அயனி நீக்கிய அளவீட்டில் 10.7 செ.மீ. பிழை அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். வரைபடம் வழுவழுப்பாகத் தெரியும், மதிப்பு தவறாக இருக்கும்.

வரம்பைத் தொடாதீர்கள். 1 நொடிக்கு ஒரு பதிவு எடுங்கள். அதே நிமிடத்துக்கு 2 டிஇசியூ இப்போது எபோக்குக்கு எபோக் (பதிவுக்குப் பதிவு) 3.5 மி.மீ. மட்டுமே, உண்மை ஸ்லிப்பும் அயனி மாற்றமும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

குறியீட்டுச்சார்பு:
மேலே சொன்னதோடு, ரைனெக்ஸ் கோப்பில் (ரிசீவர் பதிவுகளின் பொது வடிவக் கோப்பு) எல்2 எந்தக் குறியீட்டில் வருகிறது என்று பாருங்கள். சி2டபிள்யூ என்றால் ரிசீவர் மறைகுறியிட்ட பி குறியீட்டை எல்1-இன் துணையோடு பின்தொடர்கிறது. சிக்னல் மினுங்கத் தொடங்கியதும் முதலில் அறுபடுவது அதுதான். எல்2சி (மறைகுறியிடாத எல்2 குறியீடு) தரும் செயற்கைக்கோள்களுக்கு சி2எல் அல்லது சி2எக்ஸ் எடுத்தால் பிடிப்பு நன்றாகவே தாங்கும்.

ஆனால் துல்லியக் கடிகாரக் கோப்புகளில் ஜிபிஎஸ் மதிப்புகள் சி1டபிள்யூ/சி2டபிள்யூ இணையை ஒட்டியவை. குறியீட்டை மாற்றினால் அதற்கான சார்புத் திருத்தத்தையும் (குறியீடுகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டைச் சரிசெய்வது) போட வேண்டும். எல்2-இல் விட்டுப்போகும் ஒவ்வொரு 1 நானோநொடியும் (30 செ.மீ.) கூட்டளவையில் 46 செ.மீ. ஆகும். ஒளிபரப்புக் கடிகாரத்தோடு வரும் டிஜிடி (செயற்கைக்கோளுக்குள் சிக்னல்களுக்கு ஏற்படும் தாமத வேறுபாடு) திருத்தம் ஒற்றை அலைவெண்காரர்களுக்கானது. அதை இங்கே சேர்த்துவிடாதீர்கள்.

ஐயோனெக்ஸ் பற்றி: அயனி நீக்கிய கூட்டளவையில் அதற்கு வேலையே இல்லை. கூட்டாமல், ஒவ்வொரு செயற்கைக்கோளின் சாய்வுத் தாமதத்தையும் மாறியாக மதிப்பிடும் முறையில் அது தொடக்க மதிப்பாக உதவும். 450 கி.மீ. உயரத்தில் ஒரே மெல்லிய அடுக்கு, 2.5° × 5° கட்டங்கள். குமிழி அந்தக் கட்டத்துக்குள் தெரியவே தெரியாது. பிழை 2–8 டிஇசியூ என்று வைத்துக்கொண்டால் எல்1-இல் 0.3 முதல் 1.3 மீட்டர். ஆகவே மாலை நேரங்களில் அதற்குத் தளர்ந்த எடையே கொடுங்கள்.

நிலமளப்பான்:
இனி 1 நொடிப் பதிவு. பழைய 30 நொடிக் கோப்புகளை என்ன செய்வது?

அலைக்கணக்கு:
கட்டாயம் பயன்படுத்த வேண்டுமென்றால், ரிசீவர் நிலையானது என்பதே உங்கள் பலம். இட ஆயத்தொலைவுகளை எபோக்குக்கு எபோக் மாற விடாமல் நாள் முழுவதற்கும் ஒரே மாறிலியாக மதிப்பிடுங்கள். பகலில் ஒருங்கிய நிலை மாலையைத் தாங்கும். வடிகட்டியை (மதிப்பீட்டுக் கணக்கை) காலத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். சந்தேகமான இடத்தில் ஸ்லிப் என்றே கொள்ளுங்கள்: வீணாக அழித்த ஆம்பிகியூட்டி சற்று நேரத்தைத் தின்னும், தப்பிய ஸ்லிப் விடையையே கெடுக்கும்.

எந்தச் செயற்கைக்கோள் குமிழிக்குள் இருக்கிறது என்று அறிய ரோட்டி கணக்கிடுங்கள்: டிஇசி மாறும் வேகத்தின் 5 நிமிடத் திட்ட விலக்கம். நிமிடத்துக்கு 0.5 டிஇசியூ தாண்டினால் அந்தச் செயற்கைக்கோளின் எடையைக் குறையுங்கள். மொத்தமாக வெட்டாதீர்கள், மாலையில் வடிவியலும் (வானில் செயற்கைக்கோள்களின் பரவல்) மெலிந்துவிடும். குமிழிகள் வானம் முழுக்கப் பரவுவதில்லை, ஆகவே ஐரோப்பாவின் கலிலியோவும் சீனாவின் பெய்டோவும் சேர்ந்தால் தெளிந்த பக்கத்தில் போதிய செயற்கைக்கோள்கள் கிடைக்கும்.