புதுப்பிப்பு: டிஸ்க் 100% காட்டிய பழைய லேப்டாப், எது தீர்த்தது?

4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்ட் டிஸ்க், எதைத் திறந்தாலும் டாஸ்க் மேனேஜரில் (எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) டிஸ்க் 100%. இதற்கு முதலில் எதை மாற்றலாம் என்றுதான் கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"முதலில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), பிறகு ரேம்" என்றவர் சொன்னதே சரி. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டதுமே டிஸ்க் நெரிசல் போய்விட்டது. பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், புதியது 7 மிமீ. அந்த இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் ஒட்டாவிட்டால் கனெக்டர் ஆடும். பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதற்குக் குளோன் (நகல்) செய்யும் முன் பிட்லாக்கரை (விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதி) அணைத்துவிடுங்கள். லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது.

ரேம் வாங்கும்போது வோல்டேஜ் பாருங்கள். இந்த போர்டுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் (டிடிஆர்3 ரேமின் குறைந்த வோல்டேஜ் வகை) வேண்டும், 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் டிடிஆர்3 போட்டால் திரையே வராது. இன்னொரு 4 ஜிபி சேர்த்ததில் பிரவுசர் தாராளமாக ஓடுகிறது.

எதிர்பாராதது: எஸ்எஸ்டிக்குப் பிறகும் சூடேறினால் வேகம் குறைந்தது. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. கிரானைட் பட்டறைகள் பக்கம் இருப்பவர்கள் இதை முதலிலேயே பாருங்கள். தூசி போகக் காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். பழைய தெர்மல் பேஸ்டை (பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாக வைத்ததும் சரியானது.